கணக்கில் பணம் குறைந்ததற்காக வங்கி பிடிக்கும் கட்டணங்கள்: நிறுத்துவதும் திரும்பக் கேட்பதும் எப்படி?

இரு சக்கர வாகனக் கடனுக்கு என் மாதத் தவணை 2,860 ரூபாய். ஒரு மாதம் ஐந்தாம் தேதியன்று கணக்கில் 2,720 ரூபாய்தான் இருந்தது. 140 ரூபாய் குறைவு. தவணை திரும்பியது, வங்கி 500 ரூபாய்க் கட்டணமும் அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யுமாக 590 ரூபாயை எடுத்துக்கொண்டது. குறைந்த தொகையைச் சரிக்கட்டிவிட்டோம் என்ற நினைப்பில் மறுநாள் 200 ரூபாய் போட்டேன். ஆனால் கட்டணம் போன பிறகு கணக்கில் இருந்ததே 2,130 ரூபாய்தான் என்பதால், எட்டாம் தேதி கடன் நிறுவனம் மறுபடி எடுக்க முயன்றபோது அது மறுபடி திரும்பி, இன்னொரு 590 ரூபாய் போயிற்று. பன்னிரண்டாம் தேதி மூன்றாவது முறை. கடன் நிறுவனமும் தன் பங்குக்கு 590 ரூபாய் கேட்டது. 140 ரூபாய் குறைந்ததற்கு 2,360 ரூபாய் கொடுத்த பிறகும் அந்த மாதத் தவணை கட்டப்படாமலேயே நின்றது.

இதைச் சரிசெய்ய நான் நடந்த நடையில் பாதி வீண். பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டு அலைந்துகொண்டிருந்த நாட்களில், அதே கணக்கிலிருந்து அடுத்த கட்டணம் போய்க்கொண்டிருந்தது. ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும், பிறகுதான் வழக்காட வேண்டும்.

1. கணக்கு அறிக்கையை எடுத்து, எந்தக் கட்டணம் எதற்கானது என்று பிரித்தெழுதுங்கள்

வங்கியின் செயலியிலோ இணைய வங்கியிலோ கடந்த ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைத் தரவிறக்கிக்கொள்ளலாம். இதற்குப் பெரும்பாலும் செலவில்லை. கிளையில் அச்சிட்டு வாங்கினால் பல வங்கிகள் பக்கக் கணக்கில் காசு கேட்கும். பாஸ்புக் பதிவு மட்டும் போதாது. அதில் சில வங்கிகள் கட்டணங்களைச் சுருக்கெழுத்தில் போட்டுவிடுவதால், எது எதற்கு என்று பிரித்தறிய முடியாது.

பிடித்தங்கள் பொதுவாக மூன்று வகைப்படும். முதலாவது, குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம். இது பெரும்பாலும் மாதாந்தர சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இரண்டாவது, தவணை, காப்பீட்டுப் பிரிமியம் போன்றவற்றைக் கணக்கிலிருந்து எடுக்க முயன்று பணம் போதாமல் திரும்பும்போது விழும் பவுன்ஸ் கட்டணம். பல வங்கிகளில் இது ஒரு முறைக்கு 250 முதல் 500 ரூபாய் வரை, வரி தனி. மூன்றாவது, குறுஞ்செய்திக் கட்டணம், ஏ.டி.எம். அட்டையின் ஆண்டுக் கட்டணம், வேறு வங்கி ஏ.டி.எம்.மில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க முயன்று மறுக்கப்பட்டதற்கான கட்டணம் போன்ற சில்லறைகள்.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கிளைக்குப் போனால், “எல்லாம் விதிப்படிதான் சார்” என்ற ஒரே பதிலோடு அனுப்பிவிடுவார்கள். முதல் வகைக்குத்தான் ரிசர்வ் வங்கியின் தெளிவான கட்டுப்பாடுகள் உண்டு; இரண்டாம் வகைக்கு வங்கியின் மனம் இளக வேண்டும். ஒன்றுக்கான வாதத்தை மற்றொன்றுக்குச் சொன்னால் எடுபடாது.

சராசரி இருப்பு என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். வங்கி கேட்கும் சராசரி 5,000 ரூபாய் என்றால், மாதம் முழுவதும் 5,000 ரூபாய் கணக்கிலேயே கிடக்க வேண்டும் என்று பொருளில்லை. மாதத்தில் ஒருநாள் 5,000 இருந்தால் போதும் என்றும் பொருளில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். 30 நாள் மாதத்தில் ஐந்து நாட்கள் 12,000 ரூபாயும், பத்து நாட்கள் 3,000 ரூபாயும், மீதிப் பதினைந்து நாட்கள் 400 ரூபாயும் இருந்தால், கூட்டுத்தொகை 96,000, சராசரி 3,200. அதாவது 5,000 ரூபாய்க்கு 1,800 குறைவு. கட்டணம் இந்த 1,800 ரூபாயின் மீது ஒரு குறிப்பிட்ட விழுக்காடாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டை வைத்து நீங்களே இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். பேச்சுவார்த்தையில் இதைவிடப் பெரிய ஆயுதம் எனக்குக் கிடைக்கவில்லை.

2. அடுத்த பிடித்தம் எந்தத் தேதியில் என்று கண்டுபிடித்துத் தடுத்துவிடுங்கள்

செயலியில் மேண்டேட் அல்லது ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க யார் யாருக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். செயலி இல்லாதவர்கள் கிளையில் எழுதிக்கொடுத்துக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியையும் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் மூன்று கண்ணிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் பாதுகாப்பு அல்ல. 2021 ஆகஸ்ட் முதல் இந்தத் தானியங்கிப் பிடித்த முறை எல்லா நாட்களிலும் இயங்குகிறது. அடுத்து, யு.பி.ஐ. வழியாகவும் அட்டை வழியாகவும் கொடுத்த ஒப்புதல்களுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னரே அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. ஆனால் கடன் நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கின் மீது நேரடியாக எழுதிக் கொடுத்த மேண்டேட்டுக்கு அப்படி ஓர் எச்சரிக்கை வரும் என்று நம்பியிருக்காதீர்கள். மூன்றாவது, மே மாத இறுதி. பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளில் சேர்ந்தவர்களுக்கு 436 ரூபாயும் 20 ரூபாயும் அந்த நாட்களில் ஒன்றாகப் போகும். 456 ரூபாய் குறைந்ததைக் கவனிக்காமல் ஜூன் தவணைக்குச் சரியான தொகையை மட்டும் வைத்திருப்பவர்களுக்குத்தான் பவுன்ஸ் விழுகிறது.

பணம் போதாது என்று முன்கூட்டியே தெரிந்தால், தவணைத் தேதிக்குக் குறைந்தது நான்கைந்து வேலை நாட்களுக்கு முன் கடன் நிறுவனத்தை அழைத்து, இந்த மாதம் கணக்கிலிருந்து எடுக்க வேண்டாம், நேரடியாகக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லி, அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கடைசி நாளில் சொல்லிப் பயனில்லை. யார் யார் கணக்கில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்ற பட்டியல் அதற்கு முன்பே வங்கிக்குப் போயிருக்கும். அந்த நிலையில் நேரடியாகவும் கட்டிவிட்டுக் கணக்கிலும் பணத்தை வைத்திருந்தால் தவணை இரண்டு முறை போகும். திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும்.

ஏற்கெனவே ஒரு முறை திரும்பிவிட்டதென்றால், என்னைப்போல் குறைந்த தொகையை மட்டும் போடாதீர்கள். தவணைத் தொகையோடு, போன கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கை நிரப்புங்கள். அல்லது நிறுவனத்திடம் நேரடியாகக் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு, மறுபடி எடுக்க முயலக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளம் ஏழாம் தேதி வருகிறது, தவணை ஐந்தாம் தேதி போகிறது என்பதுதான் பிரச்சினை என்றால், தவணைத் தேதியை மாற்றக் கேட்டு விண்ணப்பியுங்கள். இதற்குச் சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கும். ஒரு பவுன்ஸை விட அது மலிவாகவே இருக்கும்.

கோபத்தில் மேண்டேட்டையே ரத்து செய்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வாடிக்கையாளர் தன் வங்கி வழியாகவே மேண்டேட்டை ரத்து செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் கடன் நிலுவையில் இருக்கும்போது மாற்று ஏற்பாடு இல்லாமல் அப்படிச் செய்தால் தவணை தாமதமாகி, அது கடன் வரலாற்றில் பதிவாகும். போதிய பணமின்றி மின்னணுப் பிடித்தம் திரும்புவது, காசோலை திரும்புவதைப் போலவே, 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாகவும் ஆகக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத கணக்குக்கு மாறுங்கள்

எந்த வங்கியும் தர வேண்டிய ஒரு கணக்கு வகை உண்டு: அடிப்படைச் சேமிப்பு வங்கி வைப்புக் கணக்கு. கிளையில் பி.எஸ்.பி.டி. கணக்கு என்று கேட்டால்தான் புரிந்துகொள்வார்கள். இதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏ.டி.எம். அட்டைக்குக் கட்டணமில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் பணம் போடலாம், மாதம் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். உங்களிடம் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கையே இந்த வகைக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அட்டை, பான் அட்டை (இல்லாதவர்கள் அதற்கு மாற்றான உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டும்), இரண்டு புகைப்படங்கள், பழைய பாஸ்புக், கணக்கு வகையை மாற்றக் கோரும் கடிதம் இரண்டு படிகள். இரண்டாவது படியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். எனக்கு இந்த ஒரு வேலைக்கு மூன்று நடை ஆயிற்று. முதல் இரண்டு நடைகளில் என்னிடம் ஒப்புகை இல்லாததே காரணம்.

கிளையில் கேட்கக்கூடிய பதில்கள் சில. “அது ஜன் தன் திட்டத்தில் மட்டும்தான்” என்பார்கள், அது தவறு. ஜன் தன் கணக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது சரி, ஆனால் இந்த வகைக் கணக்கு வருமான வரம்பின்றி எல்லோருக்கும் உரியது. “அதில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வைக்க முடியாது” என்பார்கள். அந்த வரம்பு, முறையான அடையாள ஆவணம் இல்லாதவர்களுக்குத் தரப்படும் சிறு கணக்குக்கானது. ஆதாரும் பானும் கொடுத்துத் தொடங்குபவரைச் சிறு கணக்கில் தள்ளினால், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே படிவத்தில் எந்தப் பெட்டி குறியிடப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உண்மையான முக்கிய நிபந்தனை இதுதான்: அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது, இருந்தால் 30 நாட்களுக்குள் அதை மூட வேண்டும்.

பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலும், கனரா வங்கி 2025 ஜூனிலும், பஞ்சாப் நேஷனல் வங்கியும் இந்தியன் வங்கியும் 2025 ஜூலையிலும் சேமிப்புக் கணக்குகளுக்கான குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தை நீக்கின. அங்கே கணக்கு உள்ளவர்கள் இந்தக் கணக்கு மாற்றத்துக்காக அலைய வேண்டியதில்லை. ஆனால் நீங்கியது அந்த ஒரு கட்டணம்தான். பவுன்ஸ் கட்டணம் அப்படியே இருக்கிறது. சம்பளக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவாகவில்லை என்றால் பல வங்கிகள் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். வேலை போய் மூன்று மாதம் ஆனதும் கட்டணம் தொடங்கும். யாருக்கு அது மிகவும் வலிக்குமோ அவரிடமே அது முதலில் வசூலிக்கப்படுகிறது என்பதை ஒரு குறையாகவே இங்கே பதிவு செய்கிறேன்.

ஜன் தன் கணக்கு வைத்து ஆறு மாதம் ஒழுங்காக நடத்தியவர்கள் 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன் வசதி, கேட்கலாம். 2,000 ரூபாய் வரை நிபந்தனைகள் இல்லை என்பது திட்டத்தின் விதி. குடும்பத்துக்கு ஒருவருக்கு, பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுக்குத் தருவார்கள். வட்டி உண்டு. ஆனாலும் ஒரு தவணைக்கு 140 ரூபாய் குறையும் நாளில், 590 ரூபாய் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்த வட்டி ஒன்றுமேயில்லை.

4. உதவித்தொகை எந்தக் கணக்கில் வந்து விழுகிறது என்று பாருங்கள்

பல வங்கிகள், பிடிக்க வேண்டிய கட்டணத்துக்குப் பணம் இல்லாதபோது அதை நிலுவையாகக் குறித்துவைத்து, எந்தப் பணம் வந்தாலும் முதலில் அதைக் கழித்துக்கொள்ளும். கணக்கில் பூஜ்யம்தானே காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, முதியோர் உதவித்தொகையோ எரிவாயு மானியமோ வரும் நாளில் அது காணாமல் போவதைப் பார்ப்பவர்கள் பலர். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாயிலேயே சில வங்கிகள் இப்படிக் கைவைத்தபோது, அப்போது தமிழக நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு வெளிப்படையாகக் கண்டிக்க நேர்ந்தது.

ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், நீங்கள் கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குப் போகும். அது எந்த வங்கி என்பதை ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் கடவு எண் வழியாக உள்ளே சென்று பார்க்கலாம், கட்டணமில்லை. அது நிலுவைக் கட்டணம் உள்ள பழைய கணக்காக இருந்தால், புதிய கணக்கு உள்ள வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்து மாற்றுங்கள். அடுத்த தொகை வரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பாவது இதைச் செய்துவிடுவது நல்லது.

5. பிடித்த கட்டணத்தை எழுத்தில் திரும்பக் கேளுங்கள்

குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வகுத்து, 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. இருப்பு குறைந்ததும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியாக வங்கி அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகு இருப்பைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். கட்டணம் குறைந்த தொகைக்கு ஏற்ற விழுக்காடாக இருக்க வேண்டும். இந்தக் கட்டணம் ஒன்றினால் மட்டும் சேமிப்புக் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இவற்றில் எது மீறப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். என் கணக்கிலும் இருப்புக் கட்டணம் பிடித்திருந்தார்கள், ஆனால் எனக்கு அறிவிப்பே வரவில்லை. பழைய கைபேசி எண் பதிவில் இருந்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்ல இடம் கொடுக்காமல் எண்ணை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கணக்கு எண், பிடித்த ஒவ்வொரு தொகையும் அதன் தேதியும், மீறப்பட்ட விதி, திரும்பக் கேட்கும் மொத்தத் தொகை ஆகிய நான்கும் போதும். குடும்பக் கஷ்டத்தைப் பவுன்ஸ் கட்டணத்துக்கான தனிப் பத்தியில் மட்டும் எழுதுங்கள். அங்கே விதி உங்களுக்கு உதவாது, ஒரு முறை விலக்குத் தரும் அதிகாரம் உள்ள கிளை மேலாளரின் முடிவுதான் உதவும். “முதல் பவுன்ஸை ஏற்கிறேன், அதே தவணைக்கு மறுபடி விழுந்த இரண்டையும் விலக்குங்கள்” என்று கேட்டேன். ஒன்றை விலக்கினார்கள், இருப்புக் கட்டணம் முழுவதும் திரும்பியது. கடன் நிறுவனம் ஒரு ரூபாயும் தரவில்லை. என்றாலும் அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதன் மீது வட்டி போடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருப்பதால், உங்கள் கடன் கணக்கு அறிக்கையையும் ஒருமுறை கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

கடிதத்தைக் கிளையில் கொடுப்பதோடு, வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பக்கத்திலும் பதிவு செய்து புகார் எண் பெறுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

6. முப்பது நாள் கடந்தால் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்

வங்கி 30 நாட்களில் பதில் தரவில்லை என்றாலோ, புகாரை நிராகரித்தாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் இணையம் வழியாகப் புகார் பதியலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் கேட்டால் எப்படிப் பதிவது என்று சொல்வார்கள். வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் ஒப்புகைப் படி, புகார் எண், ஸ்டேட்மென்ட்டில் குறித்த பக்கங்கள், வங்கியின் பதில் ஆகியவற்றைக் கோப்பாக இணைக்க வேண்டும்.

வங்கியிடம் முதலில் புகார் செய்யாமல் நேராக இங்கே வந்தால் தள்ளுபடியாகும். வங்கி மனமிரங்கி விலக்குத் தரவில்லை என்பதையும் இங்கே எடுத்துச் செல்லாதீர்கள். அது வங்கியின் வணிக முடிவு என்று விட்டுவிடுவார்கள். அறிவிப்பு வரவில்லை, அவகாசம் தரவில்லை, பி.எஸ்.பி.டி. கணக்கு மறுக்கப்பட்டது என்பன போன்ற விதிமீறல்களை மட்டும் எழுதுங்கள்.

7. பழைய கணக்கை மூடுங்கள்

மேண்டேட்டுகள் அனைத்தும் புதிய கணக்குக்கு மாறி, அதிலிருந்து ஒரு தவணையாவது சரியாகப் போன பிறகே பழையதை மூட வேண்டும். மேண்டேட் மாற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் பழைய கணக்கில் ஒரு தவணைக்கான பணம் இருக்கட்டும். கணக்குத் தொடங்கி 14 நாட்களுக்குப் பிறகு, ஓராண்டு முடிவதற்குள் மூடினால் சில வங்கிகள் கட்டணம் கேட்கும் என்பதால், பதினோராவது மாதத்தில் இருப்பவர்கள் இன்னும் சில வாரம் பொறுக்கலாம்.

மூடாமல் அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாண்டு நடவடிக்கை இல்லாத கணக்கு செயலற்றதாக வகைப்படுத்தப்பட்ட பிறகு குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் போடக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. ஆனால் அந்த இரண்டாண்டுக்குள் சேர்வது சேர்ந்துவிடும். பயன்படுத்தாத காசோலைகளையும் அட்டையையும் ஒப்படைத்து, நிலுவை ஏதுமில்லை என்ற வரியோடு கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக “மூடியாச்சு” என்று சொன்ன கணக்கிலிருந்து அடுத்த காலாண்டில் குறுஞ்செய்திக் கட்டணம் பிடித்ததாக எனக்கே ஒரு குறுஞ்செய்தி வந்தது.